குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச்: பழங்காட்டுக்குக் காவல் நிற்பவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

காடு வெட்டப்படுவதை விண்ணிலிருந்து பார்த்து மின்னஞ்சலில் தகவல் சொல்லும் சேவைகளில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச். அமெரிக்காவின் வேர்ல்ட் ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட் 2014இல் இதை இன்றைய வடிவில் திறந்தது. காசு கிடையாது. கணக்குத் தொடங்காமலே வரைபடத்தைப் பார்க்கலாம். எச்சரிக்கை அஞ்சல் வேண்டுமென்றால்தான் பதிவு செய்ய வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஒரு சோலையையோ மழைக்காட்டுத் துண்டையோ காக்க முனையும் ஊர்க்குழுவுக்கு இது உதவுமா? உதவும். ஆனால் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதோடு இதன் திறமை முடிந்துவிடுகிறது. வெட்டப்பட்டது பழங்காடா தைலத்தோப்பா என்பது இதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு எண்ணையும் கூடவே தரும், அங்கேதான் சிக்கல்.

அடிப்படைத் தரவிலிருந்து தொடங்கலாம். மேரிலாந்து பல்கலைக்கழகம் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2001 முதல் ஆண்டுதோறும் தரும் மரப்போர்வை இழப்புக் கணக்கு இது. 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த தாவரம் எதுவானாலும் இதில் மரப்போர்வைதான். ரப்பர், தைலமரம், சவுக்கு, கமுகு எல்லாம் அதில் அடங்கும். முந்நூறு வயது வெடிப்பலாவும் எட்டு வயது தைலமரமும் ஒரே பச்சை. கோத்தகிரிப் பக்கம் ஒருவர் தன் பட்டா நிலத்துத் தைலத்தோப்பை முறைப்படி வெட்டி விற்றால் வரைபடத்தில் இளஞ்சிவப்பு விழும். அகத்தியமலைச் சரிவில் நாங்கு மரங்கள் சாய்ந்தாலும் அதே இளஞ்சிவப்புதான். மாவட்டத்தின் மொத்த இழப்பு எண்ணை அப்படியே எடுத்து “இத்தனை ஹெக்டேர் காடு அழிந்தது” என்று துண்டறிக்கை அடிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எதிர்த்தரப்பு ஒரே ஒரு தோட்டத்தைக் காட்டினால் போதும், மிச்சக் கணக்கும் சேர்ந்து சரிந்துவிடும்.

இதற்கு மாற்றாக இரண்டு அடுக்குகள் உண்டு. ஒன்று, ஈரமண்டல முதன்மைக் காடு. 2001ஆம் ஆண்டைத் தொடக்கமாக வைத்து, அண்மைக் காலத்தில் முழுதாக வெட்டப்படாத, அதாவது வெட்டிய பின் மீண்டும் வளர்ந்தவை அல்லாத, மழைக்காடுகளைக் குறித்த வரைபடம். பழங்காட்டைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் இதை இயக்கிவிட்டு, இழப்பை அதற்குள் மட்டும் வடிகட்டிப் பார்க்க வேண்டும். பசுமைமாறாக் காட்டுக்கு இது பொருந்தும். முதுமலையின் இலையுதிர் காட்டுக்கோ கோரமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காட்டுக்கோ இதை நம்ப முடியாது. ஈரமண்டலத்துக்காகச் செய்தது அது. இன்னொன்று, சிதையாக் காட்டுநிலம் என்ற அடுக்கு. அதில் இடம்பெறக் குறைந்தது 500 சதுர கிலோமீட்டர் பரப்பு வேண்டும். அமேசானுக்கும் காங்கோவுக்கும் சரியான அளவுகோல். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவு தீவாக நிற்கும் மழைக்காட்டுத் துண்டுகளுக்கு அதில் இடமே இல்லை. ஓர் இடம் அந்த அடுக்கில் தெரியவில்லை என்பதால் அது காப்பதற்குத் தகுதியற்றது என்று யாராவது வாதிட்டால், இந்த 500 சதுர கிலோமீட்டர் விதியைச் சுட்டிக்காட்டுங்கள்.

நிலத்தில் எத்தனை பங்கை மரக்கவிகை மூடினால் கணக்கில் சேர்ப்பது என்று நாமே மாற்றக்கூடிய மேல்மூடல் விழுக்காடு ஒன்று தளத்தில் இருக்கிறது. இயல்பாக 30இல் நிற்கும். இந்திய வன அளவைத் துறையின் காட்டு நிலை அறிக்கையோ 10 விழுக்காடு மூடல் உள்ள ஒரு ஹெக்டேர் நிலம் எதையும், யாருடையதானாலும் என்ன மரமானாலும், காட்டுப்போர்வைக் கணக்கில் சேர்க்கிறது. ஆக இரண்டு எண்களும் ஒத்துப்போகா. ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று நிரூபிக்க முயல்வது வீண் வேலை. அரசு அறிக்கையில் தேட வேண்டியது வேறு: 70 விழுக்காட்டுக்கு மேல் மூடிய மிக அடர்காடு, 40 முதல் 70 வரையுள்ள நடுத்தர அடர்காடு, அதற்குக் கீழே திறந்த காடு என்று மூன்று வகுப்புகள். மொத்தப் பரப்பு மாறாமலே மிக அடர்காடு திறந்த காடாக நழுவலாம். பழங்காடு பெரும்பாலும் சாவது அப்படித்தான்.

எச்சரிக்கைகள்: எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும்

ஆண்டுக் கணக்கு வரலாறு பேச உதவும். களத்தில் நிற்பவர்களுக்கு வேண்டியது உடனடி எச்சரிக்கை. ஒரே பெயரில் பல அமைப்புகளை இந்தத் தளம் சேர்த்துத் தருகிறது. லேண்ட்சாட் படங்களிலிருந்து வருவதில் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் சுமார் 22 சென்ட். சென்டினல் செயற்கைக்கோள்களிலிருந்து வருவதில் கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். எல்லா அமைப்பும் எல்லா நாட்டையும் பார்ப்பதில்லை. அடுக்கின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள தகவல் பொத்தானை அழுத்தி, உங்கள் மலை அதன் எல்லைக்குள் வருகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. நம் ஊருக்கு வராத எச்சரிக்கைக்காகக் காத்திருந்து, எதுவும் வரவில்லையே, காடு நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொள்வது நடக்கக்கூடியதுதான்.

22 சென்ட் கட்டம் என்றால் என்னவென்று யோசியுங்கள். நன்கு விரிந்த ஒரு முதுமரத்தின் கவிகை 15, 20 மீட்டர் அகலம் இருக்கும்; நிழல் விழும் பரப்பு 4 முதல் 8 சென்ட். அந்த ஒரு மரத்தை அறுத்து இறக்கினால் கட்டத்தில் பாதிக்கும் மேல் பச்சையாகவே இருக்கும். எச்சரிக்கை வராது. ஈட்டி, சந்தனம் என்று தேர்ந்தெடுத்து வெட்டுவதை இந்தச் சேவை பிடிக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஏலக்காய்க்காக அடியில் இருக்கும் செடிகொடிகளை வழித்துவிட்டு மேலே நிழல்மரத்தை மட்டும் விடுவதும் தெரியாது. காடு வெளியே முழுதாக இருக்கும், உள்ளே நாற்று ஒன்றுகூட இருக்காது. சோலைக்குப் பக்கத்துப் புல்வெளியைத் தேயிலையாக்கினாலும் மரப்போர்வைக் கணக்கில் எதுவும் நடந்திருக்காது, 5 மீட்டர் உயரம் அங்கே எப்போதுமே இல்லையே. உலகம் முழுதும் எல்லாத் தாவரங்களின் மாற்றத்தையும் பார்க்கும் டிஸ்ட் எச்சரிக்கை இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. புல்வெளி உள்ள இடங்களுக்கு அதைத்தான் இயக்க வேண்டும். ஆனால் அறுவடை, வறட்சி, தீ எல்லாவற்றுக்கும் அது கத்தும்.

இல்லாததைக் காட்டும் வேளைகளும் உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலையுதிர் காட்டில் இலை கொட்டும்போது, இழப்புதானா என்று இன்னும் உறுதியாகாத குறைந்த உறுதிநிலைக் கட்டங்கள் சிதறலாக விழும். டிசம்பர், ஜனவரியில் வெயில் சாய்ந்திருக்கும்போது செங்குத்தான பள்ளத்தாக்கின் நிழல் குழப்பும். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலையில் நடந்தது போன்ற நிலச்சரிவும் இழப்பாகவே பதிவாகும். முதுமலையில் ஒரு கொத்தாக எச்சரிக்கை வந்தால் பதறாமல், அங்கே மஞ்சள் கொன்றை என்ற அயல் மரத்தை அகற்றும் வேலை நடக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். அயல் மரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்குத் தமிழ்நாட்டில் 2022 முதல் கொள்கையே இருக்கிறது. காட்டுக்கு நல்லது செய்யும் வேலையைக் காடழிப்பு என்று முகநூலில் போட்டுவிட்டால் அடுத்த புகாருக்கு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

மழைக்காலம் தனிக் கதை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. ஒளிப்படச் செயற்கைக்கோளுக்கு மேகத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆகஸ்டில் வெட்டியது ஜனவரியில் எச்சரிக்கையாக வரும். எச்சரிக்கையில் உள்ள தேதி செயற்கைக்கோள் கண்டுபிடித்த தேதி. வெட்டிய தேதி என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். ரேடார் மேகத்தைத் துளைக்கும், ஆனால் செங்குத்தான மலைச்சரிவில் அதுவும் தடுமாறும்.

அமைப்பது எப்படி

மாவட்டம் முழுவதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். நீலகிரி என்று கொடுத்தால் பெட்டி நிறையத் தைலத்தோப்பு அஞ்சல்தான் வரும், மூன்றாம் வாரம் திறந்தே பார்க்க மாட்டீர்கள். காட்டுத் துண்டின் எல்லையைக் கூகுள் எர்த்தில் வரைந்து கே.எம்.எல். கோப்பாகச் சேமித்து ஏற்றலாம். ஷேப் கோப்பு என்றால் ஜிப் செய்திருக்க வேண்டும். கோப்பு 1 எம்.பி.க்குள் இருக்கட்டும், அதைத் தாண்டினால் ஏற்றம் பாதியில் நிற்பதற்கு வாய்ப்பு அதிகம், முனைப்புள்ளிகளைக் குறைத்து எளிமையாக்கினால் சரியாகிவிடும். எல்லைக்கு வெளியே ஐந்நூறு மீட்டர் விட்டு வரையுங்கள், ஏனென்றால் ஆக்கிரமிப்பு விளிம்பில்தான் தொடங்கும். காடு ஒரு பகுதி, அதைத் தொடும் சாலையும் மின்தடமும் இன்னொரு பகுதி, தோட்ட எல்லை மூன்றாவது என்று தனித்தனியாகச் சேமித்தால் அஞ்சல் தலைப்பைப் பார்த்தே எது அவசரம் என்று புரியும். தளம் ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துகீசியம், இந்தோனேசிய மொழிகளில் கிடைக்கிறது. தமிழும் இந்தியும் இல்லை. ஊர்க்குழுவில் ஒருவராவது ஆங்கில அஞ்சலைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

எச்சரிக்கை வந்ததும் கட்டங்களின் வடிவத்தைப் பாருங்கள். ஒற்றைக் கட்டம், குறைந்த உறுதிநிலை என்றால் இரண்டு வாரம் விட்டுப் பிடிக்கலாம். நாலைந்து கட்டம் ஒட்டி நின்றால் அன்றே வேலையைத் தொடங்குங்கள். வரிசையாகக் கோடு போல் விழுந்தால் அது பெரும்பாலும் சாலை, மற்ற எல்லாவற்றையும் விட அவசரம் அதுதான். பழங்காட்டுக்குள் லாரி போகும் வழி உண்டான பிறகு மிச்சமெல்லாம் தானாக நடக்கும்.

அடுத்தது, ஐரோப்பியச் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்க உதவும் கோபர்நிகஸ் பிரவுசர் தளம். இதுவும் இலவசம். அந்த இடத்துக்குச் சென்டினல் 2 படங்களை மேக அளவு குறைவாக வைத்துத் தேடி, எச்சரிக்கைக்கு முந்தைய தெளிவான படம் ஒன்றையும் பிந்தைய படம் ஒன்றையும் எடுங்கள். இயல்பு நிறத்தில் வித்தியாசம் மங்கலாக இருந்தால் பொய்நிறத்துக்கு மாற்றுங்கள். உயிருள்ள இலை சிவப்பாகவும் திறந்த மண் சாம்பல் நீலமாகவும் பிரிந்து தெரியும். வெட்டு இந்த இரண்டு தேதிகளுக்கு இடையில் நடந்தது என்று இப்போது துணிந்து எழுதலாம். இந்தத் தேதி இடைவெளிக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு: தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் 14ஆம் பிரிவின் கீழ் மனுப்போட, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு, போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். மழைக்காலத்தில் வெட்டி ஜனவரியில் தெரிந்தால் பாதிக் கெடு ஏற்கெனவே போயிருக்கும்.

பிறகு நிலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் புல எண்ணுக்குப் புலப்பட வரைபடம் கிடைக்கும். திட்டத்துக்காக வன நிலத்தைக் கேட்டிருந்தால் ஒன்றிய அரசின் அனுமதி விண்ணப்பத் தளமான பரிவேஷில் விண்ணப்பமும் அதன் கே.எம்.எல். கோப்பும் இருக்கும், அதைப் பதிவிறக்கி எச்சரிக்கைக் கட்டங்களின் மேல் போட்டால், அனுமதித்த எல்லைக்கு வெளியே வெட்டியிருக்கிறார்களா என்பது பளிச்சென்று தெரியும். இந்தச் சேவையால் கிடைக்கும் ஆகப் பெரிய பயன் இதுதான் என்று சொல்வேன். பட்டா நிலம் என்றாலும் கதை முடிந்துவிடாது. அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும், தனியார் காடாக அறிவித்த இடங்களில் 1949ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. வெட்ட அனுமதி தந்த ஆணையின் நகலைப் புல எண்ணைக் குறிப்பிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். “காடழிப்பு பற்றிய விவரம் தருக” என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகத்தான் வரும்.

நேரில் பார்க்கும் கட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். புகார் கொடுக்கப் போனவர் மேலேயே வழக்குப் பாயும். பொதுச்சாலையிலிருந்து தெரிகிற அளவுக்குப் படம் எடுங்கள், இல்லையென்றால் வனச்சரகரோடு போங்கள். வன உரிமைச் சட்டம் 2006இன் 5ஆம் பிரிவு காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் உரிமைதாரருக்கும் தருகிறது. பழங்குடி ஊர்களில் அந்தச் சபை வழியாகப் போவதே வலுவானது. சிக்னல் இல்லாத இடத்துக்கு ஃபாரஸ்ட் வாட்சர் என்ற துணைச் செயலி இருக்கிறது. பகுதியையும் எச்சரிக்கைகளையும் வீட்டிலிருந்தே இறக்கி வைத்துக்கொண்டால் காட்டுக்குள் இணையம் இல்லாமல் அந்தப் புள்ளிக்கு வழி காட்டும், இருப்பிடத்தோடு படமும் குறிப்பும் சேமிக்கும். இறக்க மறந்தால் வெறும் திரைதான். அடர்ந்த மேல்மூடலுக்குக் கீழே கைபேசியின் இருப்பிடம் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். 10 மீட்டர் கட்டத்துக்கு அது பெரிய பிழை. ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிடம் நின்று பிறகு பதியுங்கள்.

எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கித் தரவை உரித்துவிடும். மூலக்கோப்பை அப்படியே வைத்திருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும், அதில், கோப்பு பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படும். படம் எடுத்த அன்றே ஹாஷைக் கணித்துக் குறித்துவைத்தால் பின்னால் அலைச்சல் மிச்சம். எந்தச் சட்டத்தின் மீறல் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பசுமைத் தீர்ப்பாயம் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் பல்லுயிர்ச் சட்டத்தையும் விசாரிக்கும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வன உரிமைச் சட்டமும் அதன் பட்டியலில் இல்லை.

தீ எச்சரிக்கையைப் பொறுத்தவரை இந்தத் தளம் தருவது வியர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் தரவு. ஒரு கட்டம் 375 மீட்டர், கிட்டத்தட்ட 35 ஏக்கர். செயற்கைக்கோள் கடப்பது பகல் ஒன்றரை, இரவு ஒன்றரை மணி வாக்கில். மூன்று மணிக்குப் பிடித்து மாலையில் அணைந்த தரைத்தீ பதிவாகாது. இந்தியாவுக்கு வன அளவைத் துறையே இதே தரவை வைத்து, பதிவு செய்த கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. தீக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் உண்மையில் காட்டைக் காக்கிறதா? பெரு நாட்டின் லோரெட்டோவில் 76 பழங்குடி ஊர்களை வைத்து ஆய்வு செய்தார்கள். 36 ஊர்களுக்கு எச்சரிக்கைத் தகவலும், ஊரே தேர்ந்தெடுத்த காவலர்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுத்தார்கள். இணையம் எட்டாத ஊர்களுக்குத் தகவல் பென்டிரைவில் ஏறி ஆற்று வழியே போனது. முதல் ஆண்டில் காடழிப்பு மற்ற ஊர்களை விட 52 விழுக்காடு குறைந்தது, இரண்டாம் ஆண்டில் 21. இன்னோர் ஆய்வு 22 வெப்பமண்டல நாடுகளில், வெறுமே அஞ்சல் சந்தா இருந்த இடங்களைப் பார்த்தது. ஆப்பிரிக்காவில் காடழிப்பு வாய்ப்பு 18 விழுக்காடு குறைந்தது. ஆசியாவிலும் தென்னமெரிக்காவிலும் சொல்லும்படியான விளைவு தெரியவில்லை. நடக்க ஆளும் ஆளுக்குக் கூலியும் இல்லாத இடத்தில் சந்தா மட்டும் போட்டு என்ன பயன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நிதி கேட்டு விண்ணப்பிக்கும் குழுக்கள் மென்பொருளுக்குக் கேட்காமல் ஜீப் வாடகைக்கும் காவலர் கூலிக்கும் கேளுங்கள்.

மதிப்பெண் போட்டால்: தோட்டங்கள் தொடும் பசுமைமாறாக் காட்டு விளிம்பு, சாலை, சுரங்கம், மின்தடம் ஆகியவற்றுக்கு ஐந்துக்கு நாலு. இலையுதிர் காட்டுக்கு இரண்டரை. சோலைப் புல்வெளிக்கு ஒன்றரை, அதுவும் டிஸ்ட் எச்சரிக்கை இருப்பதால்.

கோவில்காட்டுக்குச் சுழியம். அரை ஏக்கர் காடு என்றால் லேண்ட்சாட்டில் இரண்டே கால் கட்டப் பரப்புதான். அங்கே வேண்டியது ஒரு டேப்பும் பதிவேடும். ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் எண் கொடுத்து, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுத்து எழுதுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். பட்டைவேர் விரிந்த மரம் என்றால் வேர் முடிந்து தண்டு சீராகும் இடத்தில். நான்கு மூலைகளிலிருந்து ஒரே மாதத்தில், ஆண்டுக்கு ஒரு முறை படம். பதிவேட்டின் ஒரு நகல் ஊராட்சியில் இருக்கட்டும். திருவிழாவுக்குப் பந்தல் போட இடம் பிடிக்கும்போதும் சுற்றுச்சுவர் எழுப்பும்போதும்தான் இந்த மரங்கள் போகின்றன என்பதால், அந்த வேலைகளுக்கு ஒப்பந்தம் விடும் முன்பே நகலைக் கோவில் நிர்வாகத்தின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.